இருபது வீடுகளும் ஒற்றை விரலும்

1

மலைச்சரிவில் இருந்த இருபது வீடுகளை, ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில், இதோ இந்த வலக்கை ஆட்காட்டி விரலால் தொட்டே, முதுகு இருந்த பக்கம் முகம் வரும்படி திருப்பி வைத்தவன் நான். வேர்க்கவில்லை. மூச்சு வாங்கவில்லை. இடக்கையில் இருந்த, பால் கலக்காத பிளேன்டீயில் ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை.

[பொய். பிளேன்டீ சிந்தினது. – ராசிக்]

அடைப்புக்குறிக்குள் வந்து குரைக்கும் இந்த மனிதரை முதலில் அறிமுகப்படுத்திவிடுகிறேன். பொகவந்தலாவைக் கடைத்தெருவில் வாளி, குடை, பாடசாலைப் பை, விளையாட்டுச் சாமான் எல்லாம் விற்கும் ராசிக். இந்தக் கதை பிறந்ததே அவருடைய கடையில்தான். குடை வாங்க வந்த ஒருவரிடம் நான் மேற்படி வீரச்செயலைச் சொல்லிக்கொண்டிருந்தேன். ராசிக் கல்லாவில் இருந்தபடியே சத்தம் போட்டார்.

"தம்பி, குடைய விரிச்சுப் பாருங்க. இந்த மனுசன்ட கதைய விரிச்சுப் பாக்காதீங்க, முழுக்க ஓட்ட."

எனக்குச் சுருக்கென்றது. "எழுதித் தாரேன். எழுத்துல வந்தா நம்புவீங்களா?"

"எழுதினா மட்டும் நடந்ததாயிடுமா?"

"சரி, எழுதிட்டு உங்ககிட்ட தாரேன். கடைசி வரிய உங்களுக்கே விட்டுர்றேன். நடக்கலன்னு நீங்க எழுதினா, கதை பொய்யின்னே முடியட்டும்."

அதுதான் ஒப்பந்தம். ஆக வாசகரே, இந்தக் கதை எப்படி முடியும் என்று எனக்கே தெரியாது. நடுநடுவே சிவப்புப் பேனாவால் எழுதலாம் என்று நான் அவருக்கு அனுமதி கொடுக்கவில்லை. அவராக எழுதியிருக்கிறார். அழிக்காமல் விட்டிருக்கிறேன். பக்கத்தில் ஒருவர் மறுத்துக்கொண்டே இருந்தால், பேசுகிறவன் உண்மை பேசுவதுபோல ஒரு களை வரும்.

2

தொடக்கம் எழுதுவதற்குப் பட்ட பாடு கொஞ்சமல்ல. முதலில் இப்படி எழுதினேன்:

மூடுபனி மலைகளைத் தழுவிக்கொண்டிருந்த அந்த இனிய –

நிறுத்திவிட்டேன். அன்றைக்கு நல்ல வெயில். அடுத்தது:

தேயிலைத் தொழிற்சாலையில் நீண்டகாலம் டீமேக்கராகப் பணியாற்றி ஓய்வுபெற்ற திரு. முத்துலிங்கம் அவர்கள் –

இதுவும் வேண்டாம். பிரியாவிடைக் கூட்டத்தில் பொன்னாடைக்கு முன்னால் வாசிப்பதுபோல இருக்கிறது. ஆனால் விஷயம் அதுதான்: நான் முத்துலிங்கம், அக்கரப்பத்தனைப் பக்கம் கொழுந்தைத் தூளாக்கும் வேலையை மேற்பார்க்கும் டீமேக்கராக இருந்து, ஓய்வுக்குப் பிறகு இங்கே வந்தவன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. என் ஒரே கெட்ட பழக்கம், ஒன்றோடொன்று பொருத்திக் கட்டுகிற பிளாஸ்டிக் கட்டை. எந்த நாட்டில் எந்தக் கம்பனி செய்தாலும் நம்மூரில் அதற்கு லெகோ என்றுதான் பெயர். என் முன்னறையில் அவை எவ்வளவு இருக்கின்றன என்றால், சிவனொளிபாதமலையை அதே அளவில் கட்டிவிட்டு, மிச்சத்தில் படிக்கட்டும் போடலாம்.

[ரெண்டு அலுமாரி. – ராசிக்]

இந்தக் கட்டைகளைப் பற்றி எனக்குச் சில அபிப்பிராயங்கள் உண்டு. கேட்க ஆளில்லாததால் இங்கே சொல்கிறேன். உலகத்தில் பலரும் கட்டைகளை நிறம் பார்த்துப் பிரித்து வைக்கிறார்கள். தவறு. நிறம் கண்ணுக்குத் தானாகத் தெரியும், அளவுதான் ஒளிந்துகொள்ளும். நான் தேயிலை சலிக்கும் பழைய சல்லடைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கி, கட்டைகளைக் கொட்டிக் குலுக்குவேன். பெரியது மேலே நிற்கும், நடுத்தரம் நடுவில், பொடிசு எல்லாம் அடியில். அடியில் விழுந்ததற்கு நான் வைத்த பெயர் 'டஸ்ட்'. தேயிலையிலும் சரி, இதிலும் சரி, டஸ்டில்தான் சாயம்.

ஸ்டிக்கர் ஒட்டச் சொல்லும் பெட்டிகளுக்கு நான் பகிரங்க எதிரி. என் கையால் ஒரு ஸ்டிக்கர் நேராக ஒட்டப்பட்டதாக வரலாறு இல்லை. பொம்மை மனிதர்களின் முகம் ஏன் மஞ்சள் என்று வெளிநாட்டில் விவாதமாம். வெள்ளிக்கிழமை மஞ்சள் தேய்த்துக் குளித்துவிட்டு வரும் நம்ம பெண்களை அவர்கள் பார்த்ததில்லை, அவ்வளவுதான். எந்தப் பெட்டியிலும் கடைசியில் ஒன்றிரண்டு பொடிசுகள் மிஞ்சும். எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். நீ எதையாவது தொலைப்பாய், பரவாயில்லை, இந்தா பிடி என்று முகம் தெரியாத ஒருவர் முன்கூட்டியே மன்னித்து அனுப்பியதுபோல இருக்கும்.

ஆனால் ஒரு குறை. பெரிய குறை. கோட்டை கொடுக்கிறார்கள், கப்பல் கொடுக்கிறார்கள், சந்திரனில் இறங்குகிற வண்டி கொடுக்கிறார்கள். கதவு? கோட்டைக்கு ஒன்று. கப்பலுக்கு அதுவும் இல்லை. ஆயிரம் கல்லுக்கு ஒரு கதவு என்று கணக்குப் போட்டவர், ஒரு மனிதனுக்கு ஒரு வீடு வேண்டும் என்பதை யோசிக்கவேயில்லை.

இந்தக் குறையை மனதில் வையுங்கள். இருபது வீடும் இதில்தான் மாட்டப்போகின்றன.

3

இந்த இடத்தில் ஒரு பாத்திரத்தைக் கதையிலிருந்து நீக்கவேண்டியிருக்கிறது: என் பேரன் மதுரன்.

வயதுபோன மனிதன் கடைக்குப் போய் "எனக்கு ஒரு விண்கலம் கட்டித் தாங்க" என்று கேட்க முடியுமா? ஆகவே "பேரனுக்கு" என்பேன். ராசிக் "பேரனுக்கு எத்தின வயசு?" என்பார். நான் பெட்டியைத் திருப்பி, அதில் அச்சடித்திருக்கும் வயதையே சொல்லிவிடுவேன். மதுரன் நல்ல பிள்ளை. கண்டியில் படித்தான். படம் வரைவதிலும் கெட்டிக்காரன். அவனை உண்டாக்கியதில் எனக்கு ஒரு தந்தையின், மன்னிக்கவும், ஒரு தாத்தாவின் பெருமை உண்டு.

[கல்யாணம் முடிக்காத மனுசனுக்குப் பேரன்! இதுக்குப் பிறகு நான் எப்படி நம்புற? – ராசிக்]

அதற்கு வருகிறேன்.

4

பிரியந்தி பக்கத்துத் தோட்டத்தின் கீழ்ப்பிரிவில் கொழுந்து பறிப்பவர். தோட்டத்தின் பெயரை எழுதமாட்டேன். எழுதினால் மற்றப் பிரிவுக்காரர்கள் எல்லாரும் வரைபடத்தோடு என் வாசலில் வரிசைகட்டி நிற்பார்கள். அந்தப் பிரிவில், சுவரோடு சுவர் ஒட்டிய ஒற்றையறை வரிசையான லயத்தில் இருந்த இருபது குடும்பத்துக்கு, தலா ஏழு பேர்ச் அளவு காணி நிலமும் தனி வீடும் கிடைத்திருந்தது. பிரியந்தி ஒரு நாள் வேலை முடிந்து போகிற வழியில், என் ஜன்னலோரம் கட்டைகளால் கட்டி வைத்திருந்த தொழிற்சாலையைக் கொஞ்சநேரம் பார்த்துவிட்டு, உள்ளே வந்து ஒரு தாளை விரித்தார். வீடுகள் அமையப்போகும் வரைபடத்தின் பிரதி.

"ஐயா, கோவிச்சுக்காதீங்க. இதுல என் வீடு எதுன்னு சொல்லுங்க."

"இந்தா, பதினொண்ணாம் நம்பர்."

"நம்பரு தெரியுதுங்க. வாசல் எந்தப் பக்கம்? பாதை எங்க இருக்கு?"

பார்த்தேன். படத்தில் பாதை இல்லை. வேறெங்கோ சமதரையில் கட்டுவதற்குப் போட்ட பொதுப்படம். விரலால் அளந்து, திசை பார்த்துக் கடைசியில் சொன்னேன்: "பாதை கீழ போகுது. வாசல் மேல, மலைய பாத்து இருக்கு."

பிரியந்தி தாளை மடிக்கவில்லை. பதினொன்றின் மேல் விரலை வைத்துக்கொண்டு சொன்னார்:

"எங்கிட்ட ஒரு தையல் மிசின் இருக்குங்க. இப்ப காம்பராவுல கட்டிலுக்கும் அடுப்புக்கும் நடுவுல நிக்குது. பாதைய பாத்து வாசல் இருந்தா, முன்னால மிசின போட்டு ஸ்கூல் உடுப்பு, ரவிக்கைன்னு தச்சு பொழச்சிக்குவேன். மலையோட மல்லுக்கட்ட வேணாம். வாசல் மலைய பாத்தா அட்டையும் மாடுந்தான் தைக்க வரும்."

"மத்தவங்க என்ன சொல்றாங்க?"

"படம் யாருக்குமே வெளங்கலைங்க. வீடு கெடச்சதே போதும்னு இருக்காங்க. ஞாயித்துக்கெழம வீட்டுத் திட்டத்து மிஸ் வர்றாங்க, கையெழுத்து வாங்க. திங்கக்கெழம நூல் கட்டி முளை அடிச்சிருவாங்க. அப்பறம் ஒண்ணும் பண்ண ஏலாது. நீங்கதான் வெளாட்டு வீடு கட்டுவீங்களே, இத கட்டிக் காட்டுங்க ஐயா. கண்ணால பாத்தா வெளங்கும்ல."

விளையாட்டு வீடு என்று அவர் சொன்னதற்கு நான் கோபித்துக்கொள்ளவில்லை என்பதை இங்கே பதிவுசெய்கிறேன்.

5

இருபது வீடு. சுவருக்குக் கோட்டையை உடைத்தேன், கூரைக்குப் பொலிஸ் நிலையத்தை, பாதைக்குச் சந்திரனின் சாம்பல் தரையை. எல்லாம் போதும். கதவு மட்டும் பதினைந்து. ராசிக் கடைக்கு ஓடினேன்.

"கதவா? கதவ மட்டும் ஆரு விக்கிற?"

"பேரனுக்கு..."

"எந்தப் பேரன்? போன மாசம் பதினெட்டு வயசு, அதுக்கு முந்தின மாசம் அஞ்சு வயசு. ஒங்கட பேரன் வளர்றானா, தேயிறானா?"

மதுரன் அந்தக் கணத்தில், கல்லாப்பெட்டிக்கு முன்னால், காலமானான். நான் உண்மையைச் சொன்னேன். ராசிக் ஒரு வார்த்தையையும் நம்பவில்லை. "பேரன் போய் இப்ப இருபது வீடா? டீமேக்கர், ஒங்கட பொய்யும் வளருது." ஆனாலும் கிழிந்த பெட்டிகளில் கிளறி நான்கு கதவு எடுத்துத் தந்தார்.

பத்தொன்பது. இருபதாவது, கடையின் கண்ணாடி அலுமாரிக்குள் இருந்தது. கடை திறந்த நாளிலிருந்து அங்கே நிற்கும் தீயணைப்பு நிலையம். பெட்டி உடைக்கவில்லை, சீல் அப்படியே. எனக்கும் ராசிக்கிற்கும் ஓயாத சண்டை அதைப் பற்றியது. திறக்காத பெட்டிக்குத்தான் மதிப்பு என்பது அவர் கட்சி. திறக்காத பெட்டி வெறும் அட்டை என்பது என் கட்சி.

"அதக் கேக்காதீங்க," என்றார், நான் வாயைத் திறப்பதற்கு முன்பே.

6

ஞாயிற்றுக்கிழமை. வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பரா மண்டபம். நடுவில் மேசை, மேசையில் பச்சைத் தட்டு. மலை என்றால் சரிவு வேண்டுமே என்று ஒரு பக்கத்தை உயர்த்திவைத்திருந்தேன். கீழ் ஓரத்தில் சாம்பல் பாதை, அதில் ஒரு பொம்மை பஸ். இருபது குடும்பமும் வந்திருந்தன. நோட்டன் பிரிட்ஜிலிருந்து பஸ் ஏறி, பிரியந்தி சொன்ன அந்த மிஸ், வீட்டுத் திட்ட அதிகாரி நிலக்ஷியும் வந்திருந்தார். நான் சொன்னதை நோட்டம் பார்க்க ராசிக்கும் வந்திருந்தார்.

[குடை விக்க வந்த. – ராசிக்]

இந்த நிலக்ஷி எனக்குப் பெரிய தொல்லை. கதையில் அதிகாரி நல்லவராக இருந்தால் வாசகர் நம்பமாட்டார். ஆகவே இரண்டாம் பிரதியில் அவரை ஆணாக்கி, மீசை வைத்து, ஜீப் கொடுத்து, "முடியாது!" என்று மேசையில் குத்த வைத்து –

வெட்டிவிட்டேன். உள்ளதைச் சொன்னால், அவர் இருபத்தைந்து வயதுப் பிள்ளை, பஸ்ஸில் வாந்தி எடுத்த களைப்போடு வந்து, மேசையைப் பார்த்ததும் முகம் மலர்ந்து "ஐயோ, எவ்வளவு வடிவா இருக்கு!" என்றவர்.

காணி எல்லையை நான் இன்னும் போடவில்லை. "மொதல்ல அவுங்கவுங்க வீட்ட பிடிச்ச எடத்துல வைங்க, பாப்போம்," என்றேன். முதலில் ஒருவர் வைத்தார். அடுத்தவர் அதன் பக்கத்தில் வைத்தார். டிக். அதற்குப் பக்கத்தில் இன்னொருவர். டிக். நல்ல கட்டை பொருந்துகிற சத்தத்துக்கு ஈடான சங்கீதம் இல்லை என்பவன் நான். அன்றைக்குத்தான் அந்தச் சத்தம் என்னைப் பயமுறுத்தியது. டிக், டிக், டிக். பத்து வீடு ஒரு வரிசை, பத்து வீடு இன்னொரு வரிசை. சுவரோடு சுவர். இவ்வளவு பச்சை வெறுமனே கிடக்க, ஒரு விரல் இடைவெளி இல்லை.

எல்லாரும் மேசையைச் சுற்றிக் குனிந்து பார்த்தார்கள். பிறகு பிரியந்தி சிரித்தார்.

"அடியேய், நம்ம புதுசா லயம் கட்டிட்டோம்டி!"

எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான். பிரியந்தி தன் வீட்டைப் பிடித்து இழுத்தார். பக்கத்து வீட்டுச் சுவரும் சேர்ந்து வந்தது. "ஏய், என் செவுரு!" என்று பின்னாலிருந்து ஒருத்தி கத்தினாள்.

அடிக்குறிப்புபோல ஒன்று: பெரிய பெட்டிகளில், ஒட்டிய கட்டைகளை உடையாமல் பிரிப்பதற்குச் செம்மஞ்சள் நிறத்தில் குட்டிக் கரண்டிபோல ஒரு கருவி வரும். கதவு இல்லாத என்னிடம் இந்தக் கரண்டி மட்டும் கைநிறைய இருந்தது. இவ்வளவு காலமும், எதற்கு இத்தனை என்று வைதுகொண்டிருந்தேன். அன்றைக்கு எல்லார் கையிலும் கொடுத்தேன். நெம்பி, நெம்பி, இருபது வீடும் தனித்தனியாக வந்தன. எனக்குத் தெரிந்து ஒரு கல்கூட உடையாமல் ஒரு லயம் பிரிக்கப்பட்டது அங்கேதான்.

7

படத்தில் உள்ளபடி, இடைவெளி விட்டு, வாசல் மலையைப் பார்க்க, வீடுகளை வைத்தோம். பிரியந்தி குனிந்து, கண்ணைப் பாதையின் மட்டத்துக்குக் கொண்டுவந்து பார்த்தார். "பஸ்ஸுல போறவுங்களுக்கு என் முதுகுச் செவுருதான் தெரியும்."

அப்போது நான், ஒரு விஞ்ஞானப் பரிசோதனையாக, என் பிளேன்டீயை மேட்டுப் பக்கத்திலிருந்து ஊற்றினேன்.

[கை பட்டுத்தான் ஊத்துப்பட்டது. முதல் பக்கத்துல ஒரு சொட்டும் சிந்தலன்னு எழுதினவரும் இவர்தான். – ராசிக்]

தேநீர் சரிந்து வந்து, நேரே வாசல்களுக்குள் புகுந்தது.

நிலக்ஷி எழுந்து நின்றார். "மழை பெஞ்சாலும் இதுதானே நடக்கும்," என்றார் மெதுவாக. வரைபடத்தை எடுத்து விரித்தார். "காணிய மாத்த எனக்கு ஏலாது. ஆனா அவுங்கவுங்க காணிக்குள்ள வீட்ட திருப்பிக்கலாம், அதுக்கு நான் எழுதலாம். ஒரு வீடு இப்பிடி ஒரு வீடு அப்பிடின்னா தண்ணிக் கொழாய் வராது. இருபது பேரும் இன்னைக்கே கைய தூக்கணும்."

"நீங்க தொடங்குங்க ஐயா," என்றார் பிரியந்தி. நான் விரலை நீட்டினேன். ஒரு வீடு சுழன்று பாதையைப் பார்த்தது. இரண்டு. மூன்று. கைகள் உயர்ந்தன. இப்படியே பத்தொன்பது.

இருபதாவது வீட்டுக்காரர் பழனியாண்டி, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கதவில்லாத வீடு அவருக்குத்தான் வாய்த்திருந்தது.

"எல்லாருக்கும் கதவு இருக்கு. எனக்கு ஓட்ட. ஓட்டைய எந்தப் பக்கம் திருப்பினா என்ன? நான் தூக்கல."

"அண்ணே, இது பொம்மதான," என்றார் பிரியந்தி.

"நீ சொல்லுவ. என் காம்பராக் கதவு விழுந்து, ஆபீசுக்கு நடந்து நடந்து, கடைசில சாக்குதான் கட்டித் தொங்கவிட்டேன். சாக்குக்குப் பின்னாலதான் புள்ளைங்க வளந்துச்சு. பொம்மைல கூட எனக்குத்தான் கதவு பத்தலையா?"

பிரியந்தியின் மிசின், பாதை, வாசல் எல்லாம் அந்த ஓட்டையில் வந்து நின்றுவிட்டது. நிலக்ஷி கடைசி பஸ்ஸை நினைத்துக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

ராசிக் எழுந்து வெளியே போனார். ஆட்டோ கிளம்பும் சத்தம் கேட்டது. ஏழு நிமிடத்தில் திரும்பிவந்தார்.

[முக்கால் மணி. – ராசிக்]

கையில் தீயணைப்பு நிலையம். எல்லாருக்கும் முன்னால், அந்தச் சீலை நகத்தால் கிழித்தார். வெயிலில் வெளிறிய அட்டைக்குள் கட்டைகள் பளபளவென்று புதிதாக இருந்தன. ஒரு சிவப்புக் கதவை எடுத்துப் பழனியாண்டியின் வீட்டில் பொருத்தினார். டிக். பழனியாண்டி அதைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். பிறகு கையைத் தூக்கினார்.

இருபதாவது வீட்டையும் நானே, இதே விரலால், திருப்பி வைத்தேன். நிலக்ஷி இன்னொரு கோப்பை தேநீர் ஊற்றினார். அது பின்சுவர்களில் மோதி, பிரிந்து, வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே நாங்கள் நெம்பி எடுத்த இடைவெளிகளால் இறங்கிப் பாதையோரம் போனது.

8

முடிவுகள் சில எழுதி வைத்திருக்கிறேன்.

சோகமான முடிவு: நிலக்ஷி எழுதியது மேலிடத்தில் தூங்கிவிட்டது. (இதுதான் இலக்கியத்தரமானது என்று ஒரு நண்பர் சொன்னார். அவருக்கு இனி பிளேன்டீ இல்லை.)

பிரமாண்டமான முடிவு: லெகோ பிறந்த டென்மார்க்கிலிருந்து ஹெலிகொப்டரில் ஒரு குழு வந்து, கதவு குறைந்ததற்கு என் காலில் விழுந்து –

இல்லை.

மூன்றாவது, உங்களுக்கானது: பொகவந்தலாவைக்கு வரும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்காருங்கள். ஒரு வளைவு தாண்டியதும் புது வீடுகள் வரும். முகம் தெரிகிறதா, முதுகு தெரிகிறதா என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு வீட்டின் முன்னால் தையல் மிசின் ஓடும். அங்கே தைப்பதற்காக, வார் அறுந்த பாடசாலைப் பைகள் அடுக்கியிருக்கும். அவை எந்தக் கடையிலிருந்து வருகின்றன என்று நான் சொல்லமாட்டேன். இன்னொரு வீட்டுக் கதவுக்குச் சிவப்பு வர்ணம் அடித்திருக்கும். பைகள் வரும் அந்தக் கடையின் கண்ணாடி அலுமாரியில் தீயணைப்பு நிலையத்தின் பெட்டி இன்னும் நிற்கிறது. கிழிந்த பக்கம் சுவரைப் பார்க்க.

எனக்கு இனி எழுத ஒன்றுமில்லை. ஒப்பந்தப்படி, கடைசி வரி ராசிக்கிற்கு. வெற்றிடம் விட்டிருக்கிறேன். இருபது வீட்டையும் திருப்பியது என் விரல்தான் என்பதை மட்டும் மறுபடி அழுத்திச் சொல்லிக்கொண்டு விடைபெறுகிறேன்.

[முழுப் பொய்! நீங்க திருப்பினது ஒரே ஒரு வீடு. மத்தவங்க தன்தன்ட வீட்டத் தன்ட விரலாலதான் திருப்பின. பழனியாண்டி அண்ணன்ட வீடு, அந்தச் செவப்புக் கதவு வீடு, அவர் "நீங்களே திருப்புங்க மொதலாளி"ன்னு என்னத்தான் கூப்பிட்ட. அதத் திருப்பினது என்ட விரல். நான் சும்மா கதை சொல்ற ஆள் இல்ல. நடந்தது. – ராசிக்]